தோல் பொருளுக்கு எந்தக் கண்டிஷனர்?

நல்ல தோல் பை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் ஒரு வருடம் கழித்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதுக்கு எந்தக் கண்டிஷனர் போடலாம்?" நியாயமான கேள்வி. ஆனால் பதில் டப்பாவில் இல்லை, பையில் இருக்கிறது. அது எந்த மாதிரித் தோல், அதன் மேல் என்ன பூசியிருக்கிறார்கள், எந்த ஊரில் எந்த அலமாரியில் இருக்கிறது, இவை தெரிந்துவிட்டால் கண்டிஷனரைத் தேர்ந்தெடுப்பது ஐந்து நிமிட வேலை. தெரியாவிட்டால் இரண்டாயிரம் ரூபாய் கிரீமும் குருட்டாம்போக்குதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் பராமரிப்பு பற்றி நாம் படிக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். காற்று வறண்டுபோகும், ஷூ காய்ந்து வெடிக்கும். அவர்களுக்கு எண்ணெய்ப் பசை நிறைந்த கண்டிஷனரும் வேண்டும், அதை அடிக்கடி போடவும் வேண்டும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவருக்குக் கதை வேறு. வருடத்தில் பெரும்பகுதி காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல்தான். இங்கே தோல் பொருள் கெடுவது வறட்சியால் குறைவு. பூசணத்தாலும் வியர்வையாலும் அளவுக்கு மீறிப் பூசிய எண்ணெயாலும்தான் அதிகம். அதனால் நம் ஊர்க்காரருக்கு என் பொதுவான ஆலோசனை இது: லேசான கண்டிஷனர், குறைந்த அளவு, எப்போதாவது ஒரு முறை. ஏன் என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

கண்டிஷனர் செய்யும் வேலை

தோல் என்பது கொலாஜன் என்ற புரதத்தின் மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் வலை. உரித்த தோலை அப்படியே காயவிட்டால், ஈரம் போகப் போக இந்த இழைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்கின்றன. கஞ்சி போட்டுக் காயவைத்த வேட்டி விறைத்து நிற்குமே, அதே கதைதான். (இப்படிப் பதனிடாத தோலும் நம்மிடம் உண்டு. மிருதங்கம், தவில், பறை எல்லாம் அந்த வகை. அவற்றுக்கு விறைப்பில்தான் நாதமே இருக்கிறது. கண்டிஷனரை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.)

பதனிட்ட தோல் அழுகாது. ஆனால் பதனிட்டதால் மட்டும் அது மிருதுவாகிவிடாது. அதற்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கும்படி ரசாயன முறையில் மாற்றி, வெந்நீரும் தோலும் சேர்த்துப் பெரிய டிரம்மில் போட்டுச் சுற்றுவார்கள். ராணிப்பேட்டை, வாணியம்பாடி டேனரிகளில் ஃபேட் லிக்கர் என்பது இதைத்தான். சுற்றச் சுற்ற எண்ணெய் உள்ளே இறங்கி ஒவ்வோர் இழையின்மீதும் மெல்லிய படலமாகப் படிகிறது. தோலை வளைக்கும்போது இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. நாம் கையில் உணரும் மென்மை இந்த வழுக்கல்தான்.

வருடக்கணக்கில் பயன்படுத்தும்போது இந்த எண்ணெயில் கொஞ்சம் வியர்வையிலும் மழையிலும் போகிறது, கொஞ்சம் காற்றுப்பட்டுக் கெட்டுப்போகிறது. போனதில் ஒரு பகுதியைத் திருப்பி வைப்பதுதான் கண்டிஷனரின் வேலை. விளம்பரங்களில் "தோலுக்கு ஊட்டம்" என்று எழுதுகிறார்கள். பையில் இருக்கும் தோல் சாப்பிடாது. அதற்குத் தேவை மசகு மட்டும்.

மசகு என்று புரிந்துகொண்டால் அடுத்த விஷயமும் தானாகப் புரியும்: குறையாத இடத்தில் ஊற்றினால் கெடுதல். எண்ணெய் அதிகமானால் இழைகள் தேவைக்கு மேல் வழுக்கும். பெல்ட்டின் ஓட்டை நீண்டுபோகும், பையின் அடிப்பகுதி தொங்கும், ஷூ தன் வடிவத்தை இழக்கும். மேலே பிசுபிசுப்பு நிற்க, ஊர்த்தூசி முழுக்க அதில் வந்து ஒட்டும்.

கண்டிஷனரும் பாலீஷும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே முடித்துக்கொள்வோம். தகர டப்பாவில் வரும் ஷூ பாலீஷ் பெரும்பாலும் மெழுகும் சாயமும் அவற்றைக் கரைக்கும் கரைப்பானும்தான். மேலே பளபளப்புத் தரும், கொஞ்சம் தண்ணீரைத் தடுக்கும்; உள்ளே போய் இழைகளைத் தொடாது. வருடக்கணக்கில் பாலீஷ் மட்டும் போட்ட ஷூ கண்ணாடியாக மின்னிக்கொண்டே மடிப்பில் வெடிப்பது இதனால்தான்.

முதலில் அது தோல்தானா

சிரிக்க வேண்டாம். தோல் என்று நம்பி ரெக்ஸினுக்குக் கண்டிஷனர் போடுகிறவர்கள் ஏராளம். பையின் உள்பாக்கெட்டிலோ பெல்ட்டின் ஓட்டையிலோ வெட்டிய விளிம்பு ஒன்று எங்காவது தெரியும். அதைக் கிட்டத்தில் பாருங்கள். நிஜத் தோலின் வெட்டு விளிம்பில் ஒழுங்கில்லாத நுண்ணிழைகள் பிசிறாகத் தெரியும். மேலே ஒரு வழுவழுப்பான படலம், அடியில் நெய்த அல்லது பின்னிய துணி என்று இரண்டு அடுக்காகப் பிரிந்து தெரிந்தால் அது செயற்கை. வாசனையை நம்பாதீர்கள், தோல் மணத்தைத் தனியாகச் சேர்க்கவும் செய்கிறார்கள்.

ஷூ என்றால் இன்னும் சுலபம். ஐரோப்பாவில் விற்கும் காலணிகளில் எந்தப் பகுதி எந்தப் பொருள் என்று படம் போட்டுக் காட்டியாக வேண்டும். ஆம்பூர் பக்கம் ஏற்றுமதியில் மிஞ்சிய ஷூ வாங்கியிருந்தால் உள்ளேயோ அடியிலோ அந்த ஸ்டிக்கரோ அச்சோ இருக்க வாய்ப்பு அதிகம். விரித்துப் போட்ட தோலின் படம் இருந்தால் தோல். அதே படத்துக்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால், தோல்தான், ஆனால் மேலே கனமான பூச்சு உண்டு. வெறும் சாய்சதுரம் மட்டும் என்றால் துணியும் இல்லை, தோலும் இல்லை, வேறு பொருள். மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி மூன்றுக்கும் தனித்தனியே காட்டியிருப்பார்கள். மேலே தோல், அடியில் ரப்பர் என்பது சகஜம்.

செயற்கைத் தோலின் மேல்படலம் பெரும்பாலும் பாலியூரிதேன். நம் ஊர் ஈரக்காற்று அந்தப் பிளாஸ்டிக்கின் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. பீரோவில் பத்திரமாக வைத்த பை, எடுத்த நாளில் செதில் செதிலாக உதிர்வது அதனால்தான். பாண்டட் லெதர் என்று விற்பதும் ஏறக்குறைய இந்தக் கட்சிதான். தோல் துணுக்குகளை அரைத்து, ஒட்டி, மேலே பிளாஸ்டிக் படலம் போட்டது. இவற்றுக்கு ஈரத்துணி போதும். கண்டிஷனர் வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள்.

ஒரு சொட்டுத் தண்ணீர்

நிஜத் தோல் என்று உறுதியாகிவிட்டதா? சரி, இப்போது விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துப் பொருளின் கண்ணுக்குத் தெரியாத மூலையில் வையுங்கள். இந்த ஒரு சோதனை கடைக்காரர் சொல்வதைவிட அதிகம் சொல்லும்.

சொட்டு சில விநாடிகளில் உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால், மேலே பூச்சு ஏதும் இல்லாத அல்லது மிக மெல்லியதாக உள்ள தோல். சாயம் மட்டும் ஏற்றிய அனிலின் தோலும், பட்டையில் பதனிட்ட பெரும்பாலான தோல்களும் இந்த ரகம். ஒரு நிமிடம் போல நின்று மெல்ல மங்கினால் லேசான பூச்சு, செமி அனிலின். முத்தாக உருண்டு நின்றுகொண்டே இருந்தால் மேலே நிறமிப் பூச்சு போட்ட தோல். கார் சீட், சோபா, பள்ளிக்கூட ஷூ, விலை நடுத்தரமான ஹேண்ட்பேக் ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்தக் கடைசி ரகம்தான்.

குடிக்கும் தோலுக்குத்தான் கண்டிஷனர் உண்மையில் தேவை. கவனமும் அதற்குத்தான் அதிகம் தேவை, ஏனென்றால் அது எதைக் கொடுத்தாலும் குடிக்கும். பட்டையில் பதனிட்ட தோல் நமக்குப் புதிதில்லை. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. இப்போது ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு பிடித்துக்கொண்டது. இந்த வகைத் தோல் வெயிலும் கைப்பட்ட எண்ணெயும் சேர்ந்து வருடக்கணக்கில் தேன் நிறத்துக்கும் பிறகு பழுப்புக்கும் போகும். அதன் அழகே அதுதான். எந்த எண்ணெய் போட்டாலும் இந்தப் பயணம் ஒரே நாளில் நடந்துவிடும்; சில சமயம் திட்டுத் திட்டாக நடக்கும். நிறம் மாறுவது பிடிக்காது என்றால் எண்ணெய் குறைவான, தண்ணீரில் குழைத்த கிரீம் வகைதான் உங்களுக்கு.

உருண்டு நிற்கும் ரகத்தில் நிலைமை தலைகீழ். நிறமிப் பூச்சு என்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம். தண்ணீர் போகாத இடத்தில் கண்டிஷனர் மட்டும் எப்படிப் போகும்? தையல் ஓட்டை வழியாகவும் வெடிப்பு வழியாகவும் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். இந்த வகைக்குத் துடைப்பதுதான் பராமரிப்பு. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்து டி.வி. பார்க்கும் வீடுகளில் இதை நேரில் காணலாம். கை வைக்கும் இடமும் தலை சாயும் இடமும் மட்டும் முதலில் மிருதுவாகும், பிறகு நிறம் மங்கும், கடைசியில் மேல்பூச்சு பொருக்காக எழும்பி உரியும். அதைப் பார்த்ததும் "தோல் காய்ந்துவிட்டது" என்று நினைத்துக் கண்டிஷனர் வாங்கிப் பூசுகிறார்கள். அங்கே நடந்தது நேர் எதிர்: தலை எண்ணெயும் வியர்வையும் ஊறி ஊறிப் பூச்சின் பிடிப்பே போய்விட்டது. அதன்மேல் இன்னும் எண்ணெய் பூசினால் உரிவது வேகமாகும். அந்த இடத்தில் ஒரு துண்டை விரித்துப் போடுவதுதான் நல்ல வழி. பாட்டிமார்கள் போட்ட சோபா துண்டுக்கு நல்ல காரணம் இருந்திருக்கிறது.

கார் சீட்டுக்கும் இதே விதிதான்: வாரம் ஒரு முறை ஈரத்துணி, சில மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கென்று விற்கும் மிதமான கிளீனர். அதோடு தண்ணீரில் குழைத்த லேசான கண்டிஷனர் வேண்டுமானால் போடலாம்; போடாவிட்டால் குடிமுழுகிப் போகாது. ஹேண்ட் சானிடைசர் உலராத கையோடு ஸ்டீயரிங்கைப் பிடிக்காமல் இருங்கள். அதில் உள்ள ஆல்கஹால் மேல்பூச்சைக் கரைக்கும்.

நுபக், ஸ்வேட் என்று மேலே பஞ்சுபோல் இருக்கும் தோலுக்குக் கிரீம் எதுவும் ஆகாது. பஞ்சு படிந்து வழுக்கையாகிவிடும். பிரஷ்ஷும், அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயும் மட்டும். கண்ணாடி மாதிரி மின்னும் பேட்டன்ட் தோலுக்கும் கண்டிஷனர் வீண். கீறினால் வெளுத்து, தேய்த்தால் மறையும் எண்ணெய்த்தோல் ஒன்று உண்டு. கடைகளில் கிரேஸி ஹார்ஸ் என்பார்கள். அதில் ஏற்கெனவே மெழுகும் எண்ணெயும் ஏராளம். காய்ந்த மாதிரித் தெரிந்தால் மட்டும் மெழுகு கலந்த பாம் (கெட்டியான பசை போன்ற கண்டிஷனர்) கொஞ்சம்.

டப்பாவில் எழுதியிருப்பது

கண்டிஷனர் என்ற பெயரில் விற்பவற்றில் எண்ணெய், மெழுகு, தண்ணீர் அல்லது கரைப்பான், இவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பொருள்கள் ஆகியவை வெவ்வேறு விகிதத்தில் இருக்கும். சில கம்பெனிகள் உள்ளே என்ன இருக்கிறது என்று முழுதாகச் சொல்வதில்லை. சொல்லும் சிலவற்றைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

நீட்ஸ்ஃபுட் ஆயில் என்பது மாட்டின் கால் எலும்பிலிருந்தும் பாதத்திலிருந்தும் எடுப்பது. உடம்பின் மற்ற பகுதிகளைவிடக் கால் குளிர்ச்சியாக இருப்பதால் அங்கே உள்ள கொழுப்பு குறைந்த வெப்பத்திலும் உறையாமல் இருக்கும். தோலுக்குள் நன்றாக இறங்குவதற்கு அதுதான் காரணம். குதிரைச் சேணத்துக்கும் கனமான பெல்ட்டுக்கும் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். நிறத்தைக் கறுக்கச் செய்யும், நாள்பட்டால் காற்றில் கெடவும் செய்யும். "காம்பவுண்ட்" என்று எழுதியிருந்தால் அதில் மலிவான மினரல் ஆயில் கலந்திருக்கிறது என்று பொருள். மிங்க் ஆயில் மிங்க் என்ற விலங்கின் கொழுப்பு. நன்றாக மிருதுவாக்கும், நன்றாகக் கறுக்க வைக்கும். பனியில் நடக்கும் பூட்ஸுக்கு உகந்தது. தூய மிங்க் ஆயிலை ஹேண்ட்பேக்குக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

லனோலின் ஆட்டு ரோமத்தில் இருக்கும் மெழுகுப் பசை. ஈரத்தைப் பிடித்துவைக்கும், தோலோடு இணக்கமாகப் போகும்; அளவு மீறினால் பிசுபிசுக்கும். தேன்மெழுகு பாதுகாப்புப் படலம் தரும். ஆனால் அது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதற்கு வெகுமுன்பே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் இருக்கும் பொருளுக்குத் தேன்மெழுகு அதிகமுள்ள பாம் ஏன் ஒத்துவராது என்பது இதிலிருந்து தெரியும். பிரேசிலில் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். கெட்டியான பளபளப்பு அதன் வேலை.

சிலிக்கோன் உள்ளவற்றைத் தவிர்ப்பது நல்லது. டேஷ்போர்டு ஸ்ப்ரேக்களில் சகஜமாக இருக்கும். பூசியவுடன் பொருள் புத்தம்புதிதாக மின்னும். ஆனால் பிறகு சாயமோ பூச்சோ புதுப்பிக்க நினைத்தால் அதன்மேல் எதுவும் ஒட்டாது. சரிசெய்பவர் உங்களைத் திட்டுவார். பெட்ரோல் நெடி, டர்பன்டைன் நெடி பலமாக அடிக்கும் எதையும் சாயம் மட்டும் ஏற்றிய தோலில் போடாதீர்கள். துணியில் சாயம் கையோடு வந்துவிடும்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்காகச் சில. பிக் 4 லேசானது, நிறம் மாற்றாது என்பதற்காகவே விரும்பப்படுவது. சஃபீர் ரெனோவேட்டர் நல்ல ஷூக்களுக்கான கிரீம். அதில் மிங்க் ஆயில் உண்டு, ஆனால் கிரீமில் குழைத்த அளவில். ஓபெனாஃப் ஹெவி டியூட்டி தேன்மெழுகு சார்ந்தது, வெளியில் அடிபடும் பூட்ஸுக்கானது. மூன்றும் நல்லவைதான், மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. வீட்டில் ஒரே ஒரு கண்டிஷனர் வைத்திருக்கலாம் என்றால், நிறமில்லாத, தண்ணீரில் குழைத்த கிரீம் அல்லது லோஷன் ஒன்றைத்தான் வாங்கச் சொல்வேன். 200 மி.லி. பாட்டில் ஒரு குடும்பத்துக்கு வருடக்கணக்கில் வரும். மழையிலும் பைக் ஓட்டும் பூட்ஸ்காரர்கள் மட்டும் மெழுகு பாம் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

சமையலறை வைத்தியம்

தேங்காய் எண்ணெய் போடலாமா? இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேட்பவரும் பாதி ஏற்கெனவே போட்டுவிட்டுத்தான் கேட்பார்.

தேங்காய் எண்ணெயின் நல்ல குணம், மற்ற பல எண்ணெய்களைப் போல அது சீக்கிரம் சிக்குப் பிடிக்காது. அதில் உள்ள கொழுப்பில் பெரும்பகுதி காற்றோடு எளிதில் வினைபுரியாத வகை. கெட்ட குணம், 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். பையை எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனால் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கலாம். தோலுக்குள் மளமளவென்று இறங்கிக் கறுக்க வைக்கும். எவ்வளவு போட்டோம் என்பது கைமீறிப் போன பிறகுதான் தெரியும். போட்டுவிட்டீர்களா, பரவாயில்லை, உலகம் அழிந்துவிடாது. உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துக் காற்றாட வையுங்கள். அடுத்த முறை வேண்டாம்.

நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் இரண்டும் காலப்போக்கில் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை எடுக்கும். ஆளி விதை எண்ணெய் இன்னும் மோசம். அது காய்ந்து கெட்டியாகும் எண்ணெய், ஓவியர்கள் வண்ணத்தில் கலப்பதே அந்தக் குணத்துக்காகத்தான். தோலை வளைய வைப்பதற்குப் பதில் விறைக்க வைக்கும். அதில் வினிகர் கலந்து பூசச் சொல்லும் குறிப்பு ஊரெல்லாம் சுற்றுகிறது. விளக்கெண்ணெய் காயாது, ஆனால் ரொம்பக் கனம். மெல்லிய பை, பர்ஸின் மேலேயே பிசுக்காக நிற்கும். கொல்ஹாபுரி செருப்புக்கு எண்ணெய் தடவுவது பழைய வழக்கம்தானே என்று கேட்டால், ஆமாம். தடித்த, பட்டையில் பதனிட்ட, பூச்சில்லாத, கறுத்தாலும் கவலையில்லாத பொருள் அது. அந்தச் செருப்புக்குச் சரியாக இருப்பது உங்கள் அலுவலகப் பைக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வாழைப்பழத் தோலைத் தேய்க்கலாம் என்கிறார்கள். எறும்புக்கு விருந்து வைக்க ஆசை என்றால் செய்யுங்கள்.

சோப்பு பற்றி ஒரு வார்த்தை. தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு சுமார் 3.5 முதல் 5 வரை. குளியல் சோப்பும் துணி சோப்பும் காரம். கண்டிஷனர் போடுவதற்கு முன் அழுக்கெடுக்க வேண்டும் என்று சோப்பு நுரையால் தேய்த்தால், உள்ளே இருந்த எண்ணெயையும் சேர்த்து வெளியே எடுத்துவிட்டுப் பிறகு கண்டிஷனரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஐப்பசி மழையும் வெள்ளைப் பூப்பும்

மழைக்காலத்தில் அலமாரியைத் திறந்தால் பெல்ட்டிலும் ஷூவிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். எல்லாரும் பூசணம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாதி நேரம் அது சரி. மீதி நேரம் அது தோலுக்குள் இருந்த கொழுப்பே வெளியே வந்து படிந்தது; குளிர்ச்சியான நாட்களில் அப்படிப் பூக்கும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். கொழுப்பு என்றால் உங்கள் கண் முன்னாலேயே உருகி மறைந்துவிடும். பூசணம் என்றால் அப்படியே இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் புள்ளிப் புள்ளியாக, பஞ்சு மாதிரி இருக்கும், மக்கிய வாடையும் அடிக்கும்.

கொழுப்பு என்றால் உருக்கித் துடைத்துவிட்டு, அடுத்த ஆறு மாதம் கண்டிஷனர் பக்கம் போகாதீர்கள். உள்ளே தேவைக்கு மேல் இருக்கிறது என்று தோலே சொல்கிறது. பூசணம் என்றால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடையுங்கள், துடைத்த துணியை வீசிவிடுங்கள், பொருளை நிழலில் காற்றாட வையுங்கள். கொளுத்தும் வெயிலில் வேண்டாம். முழுதாக உலர்ந்து, வாடை போன பிறகுதான் கண்டிஷனர் பற்றி யோசிக்க வேண்டும். ஈரத்தோடு பூசினால் பூசணத்துக்குச் சாப்பாடு போட்ட கணக்கு; இயற்கையான கொழுப்புகளை அது விரும்பித் தின்னும்.

காற்றில் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் பூசணம் வரத்தான் செய்யும். அதனால் மழைக்கு முன் கனமாகக் கண்டிஷனர் போட்டு, பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பதைவிட மோசமான யோசனை கிடையாது. பழைய வேட்டித் துணியில் பை தைத்து அதில் போட்டு வைக்கலாம். அலமாரிக் கதவைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். நம் ஊரில் கண்டிஷனர் போட நல்ல காலம் மழை முடிந்த தை, மாசி. நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அலுவலகத்தில் கிடக்கும் பைக்கு மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே காற்று நிஜமாகவே வறண்டது.

போடும் முறை

முதலில் உலர்ந்த பிரஷ், பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத்துணி. அரை மணி நேரம் காயவிடுங்கள். அப்புறம் மறைவான ஓர் இடத்தில் சோதனை. ஈரமாக இருக்கும்போது எல்லாத் தோலும் கறுப்பாகத்தான் தெரியும். ஒரு நாள் விட்டு அடுத்த நாள் பார்த்துத்தான் நிறம் மாறியதா என்று முடிவு செய்ய வேண்டும். இந்த ஒரு நாள் பொறுமை இல்லாமல்தான் பல நல்ல பைகள் பாழாகின்றன.

ஒரு ஹேண்ட்பேக்கின் ஒரு பக்கத்துக்குப் புளியங்கொட்டை அளவு போதும். நேராகத் தோலில் கொட்டக் கூடாது; விழுந்த இடம் திட்டாக நிற்கும். பனியன் துணியில் எடுத்து, துணியிலேயே கொஞ்சம் பரப்பிவிட்டு, வட்டமாகத் தேயுங்கள். கைப்பிடி, மடிப்பு, மூலை ஆகிய இடங்கள் முதலில் காயும். அங்கே கொஞ்சம் கூடுதல் கவனம். ஒரு மணி நேரம் விட்டு, வேறு உலர்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். தோலுக்குள் போகாத கண்டிஷனர் மேலே இருந்து ஒரு பயனும் இல்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்றால், நாட்காட்டியைப் பார்க்காமல் பொருளைப் பாருங்கள். மடித்தால் மெல்லிய கோடுகள் வெளுத்துத் தெரிகிறதா, தொட்டால் சொரசொரப்பா, முன்பைவிட விறைப்பா? அப்போது போடுங்கள். பெரும்பாலான பைகளுக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் தேவைப்படாது. தினமும் கைப்படும் பர்ஸுக்கு நம் உள்ளங்கையே போதுமான எண்ணெயைத் தந்துவிடுகிறது. மழையில் நனைந்து காய்ந்த ஷூவுக்கு உடனே ஒரு முறை வேண்டும். ஆனால் நனைந்ததும் வெயிலிலோ கேஸ் அடுப்பின் பக்கத்திலோ வைக்காமல், உள்ளே செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக் காற்றில் காய்ந்த பிறகு.

ஏற்கெனவே வெடித்த தோலைக் கண்டிஷனர் ஒட்டவைக்காது. அறுந்த இழை அறுந்ததுதான். வெடிப்பு இன்னும் பரவாமல் தள்ளிப்போடலாம், அவ்வளவே. தாத்தா காலத்துச் சட்டப் புத்தகங்களின் தோல் அட்டை செந்தூளாகக் கையில் ஒட்டுகிறதென்றால் அது வேறு நோய்; காற்றில் இருந்த கந்தக மாசு வருடக்கணக்கில் தோலை அரித்ததன் விளைவு. ஒரு காலத்தில் அருங்காட்சியகங்களே லனோலினும் தேன்மெழுகும் சிடார் எண்ணெயும் சேர்த்த ஒரு பூச்சைப் பழைய புத்தக அட்டைகளுக்குத் தடவி வந்தன. பிரிட்டிஷ் மியூசியத்தின் பெயரிலேயே அது வழங்கியது. இன்று பாதுகாப்பு வல்லுநர்கள் அதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. தூசியை இழுக்கிறது, கறுக்க வைக்கிறது, பிசுபிசுக்கிறது. அந்தப் புத்தகங்களைத் துணியிலோ அமிலமில்லாத காகிதத்திலோ சுற்றி வையுங்கள்.

போட்டு இரண்டு நாள் ஆன பிறகு வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி சுத்தமாக இருந்து, தோலின் நிறமும் பழையபடி இருந்தால் தேர்வும் சரி, அளவும் சரி. துணியில் பசை ஒட்டினால் கண்டிஷனர் அதிகம். துடைத்துவிட்டு அடுத்த முறை பாதி அளவு போடுங்கள். சாயம் ஒட்டினால் அந்த பாட்டிலை அந்தப் பொருளுக்கு இனி எடுக்க வேண்டாம். தூக்கியெறியவும் வேண்டாம், கறுப்பு பெல்ட்டுக்கு ஆகும்.